பின்பக்க ஷொக் மிதிக்கும் பலத்தைத் தின்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்னும் பின்னும் ஷொக் (குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) பூட்டிய மவுண்டன் பைக்குகள் திருகோணமலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் ஓடுகின்றன. வெளிநாட்டு உறவினர் விட்டுப்போனவை சில, கொழும்பில் கைமாறி வந்தவை சில. பைக்குகள் குறைவென்றாலும் சந்தேகங்களுக்குக் குறைவில்லை. உவர்மலை ஏற்றத்தில் மூச்சு வாங்க நிற்கும்போதும், கன்னியா வழியில் தேநீர்க் கடையிலும் ஒரே கேள்விகளே வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் போக்கிலேயே கீழே தந்திருக்கிறேன்.

பின்னுக்கு ஷொக் இருந்தால் மிதிக்கிற பலத்தில் பாதி அதற்குள்ளேயே போய்விடும் என்கிறார்களே, உண்மையா?

பாதி என்பது பொய். இந்தப் பேச்சு 1990களின் பைக்குகளோடு பிறந்தது. அன்றைய ஷொக்குகள் பலவற்றில் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஒயில் தணிப்பு பலவீனமாக இருந்தது. பின்சில்லைத் தாங்கும் கை பிரேமுடன் சேர்ந்து ஆடும் மூட்டு எங்கே இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு தெளிவு வரவில்லை. அவற்றில் ஏறி ஓடியவர்கள் குறை சொன்னதில் நியாயம் இருந்தது. பைக்குகள் மாறிவிட்டன, பேச்சு மட்டும் மாறவில்லை.

இழப்பே இல்லையா என்றால், இருக்கிறது. எவ்வளவு என்பதை மூன்றாவது கேள்வியில் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

மிதிக்கும்போது சீற் மேலும் கீழும் ஆடுவது ஏன்?

மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்கின்றன. முதலாவது, வண்டி முன்னோக்கி வேகமெடுக்கும்போது பாரம் பின்சில்லுக்குச் சரிகிறது. பஸ் சட்டென்று புறப்படும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வது இதனால்தான். கால்கள் கிராங்கை ஒரே சீராகத் தள்ளுவதில்லை. ஒரு சுற்றில் இரண்டு முறை பலமாகவும் இடையில் மெலிவாகவும் தள்ளுகின்றன. ஆகவே பாரமும் சுற்றுக்கு இரண்டு முறை பின்னால் சரிந்து மீள்கிறது.

இரண்டாவது, செயினின் இழுவை. மேல்பக்கச் செயின் பின்சில்லை முன்னோக்கி இழுக்கிறது. அந்த இழுவைக் கோடு மூட்டுக்கு மேலே போனால் ஷொக்கை அமுக்கப் பார்க்கும், கீழே போனால் நீட்டப் பார்க்கும். மூன்றாவது, ஓடுபவரின் உடம்பு. தொடைகள் ஏறி இறங்குகின்றன, இடுப்பு அசைகிறது. பிரேம் வடிவமைப்பவர் முதல் இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்திச் சமன் செய்யலாம். மூன்றாவதில் அவருக்கு வேலையில்லை.

ஆட்டம் கண்ணுக்கே தெரிகிறது. அப்படியென்றால் பலம் வீணாகிறது என்றுதானே அர்த்தம்?

ஆட்டம் முழுவதும் இழப்பல்ல. ஸ்பிரிங்கையோ காற்றையோ அமுக்கச் செலவான பலத்தில் பெரும்பகுதி அது விரியும்போது திரும்பி வருகிறது. திரும்பாமல் போவது ஒயிலிலும் சீல்களின் உராய்விலும் சூடாக மாறும் பகுதிதான்.

ஒரு தோராயக் கணக்கு. ஷொக் ஒவ்வொரு ஆட்டத்திலும் 4 மில்லிமீற்றர் உள்ளே போய் 4 மில்லிமீற்றர் வெளியே வருகிறது என்று வையுங்கள். ஒயிலும் சீல்களும் சேர்ந்து சராசரியாக 100 நியூட்டன் எதிர்ப்புத் தருகின்றன என்றும் வையுங்கள். ஓர் ஆட்டத்துக்கு இழப்பு 0.8 யூல். நிமிடத்துக்கு 75 சுற்று மிதித்தால் 150 ஆட்டங்கள், அதாவது செக்கனுக்கு இரண்டரை. மொத்தம் 2 வாற்று. சாதாரணமாக மிதிப்பவர் 150 வாற்று தருகிறார் என்றால் இழப்பு நூற்றுக்கு ஒன்றரையைக்கூட எட்டவில்லை. ஷொக் இதைவிட இரு மடங்கு ஆடினாலும் நூற்றுக்கு மூன்றுக்குள் நிற்கும்.

இதே ஆளின் பைக் பின் ஷொக்கினாலும் அதன் மூட்டுகளினாலும் 2 கிலோ கூடினால், ஆளும் வண்டியுமாக 83 கிலோ 85 ஆகிறது. செங்குத்தான ஏற்றத்தில் அதற்கு மட்டுமே நூற்றுக்கு 2.4 கூடுதல் உழைப்பு வேண்டும். ஆட்டத்தைத் திட்டுபவர்கள் எடையைத் திட்டுவதில்லை. எடை கண்ணுக்குத் தெரியாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அன்டி ஸ்குவாட் நூறு சதவீதம் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அது என்ன கணக்கு?

மிதிக்கும்போது பின்பக்கம் அமுங்குவதை எதிர்க்கும் அளவுதான் அன்டி ஸ்குவாட். மேலே சொன்ன பாரச் சரிவு ஷொக்கை அமுக்கப் பார்க்கிறது. செயின் இழுவையும் நிலம் ரயரை முன்னோக்கித் தள்ளும் விசையும் சேர்ந்து ஷொக்கை நீட்டப் பார்க்கின்றன. இரண்டும் சரிசமமானால் நூறு சதவீதம். பூச்சியம் என்றால் எதிர்ப்பே இல்லை, ஷொக் பாரத்துக்கு அப்படியே அமுங்கும். நூறுக்கு மேல் போனால் மிதிக்கும்தோறும் பின்பக்கம் எழும்பும்.

தாளில் வரைந்தும் பார்க்கலாம். பைக்கைப் பக்கவாட்டில் படமெடுத்து, பின்சில்லின் அச்சையும் பின் கை ஆடும் மூட்டையும் சேர்த்து ஒரு கோடு, மேல்பக்கச் செயின் வழியாக இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் வெட்டும் புள்ளிக்குப் பின்ரயர் நிலத்தைத் தொடும் இடத்திலிருந்து ஒரு கோடு இழுத்து, அதை முன்சில்லின் அச்சுக்கு நேர் மேலே வரும்வரை நீட்டுங்கள். அது அங்கே தொடும் உயரத்தை, ஆளும் வண்டியும் சேர்ந்த ஈர்ப்பு மையத்தின் உயரத்தோடு ஒப்பிட்டால் சதவீதம் கிடைக்கும். மூட்டுகள் பல உள்ள பைக்கில் மூட்டின் இடத்தில் ஒரு கற்பனைப் புள்ளியை வைக்க வேண்டும். அதை ஏழாவது கேள்வியில் பார்ப்போம்.

அப்படியானால் நூறுக்கு மேலே எவ்வளவு கூட்டினாலும் நல்லதுதானே?

இல்லை. நூறைத் தாண்டினால் ஆட்டம் மறைவதில்லை, திசைதான் மாறுகிறது. அமுங்கி ஆடிய பைக் எழும்பி ஆடும். கல் நிறைந்த ஏற்றத்தில் இது வேறு தொல்லையும் தரும். நீங்கள் பலமாக மிதிக்கும் அதே நேரத்தில் ஷொக் விறைத்துக்கொள்வதால், பின்சில்லு கல்லின் மேல் தவழாமல் தட்டித் துள்ளும். பிடி விடும். பிடி விட்ட சில்லில் நூறு சதவீதம் இருந்தும் பயனில்லை.

இதனால் காட்டுப் பாதைகளுக்கான நவீன டிரெயில் பைக்குகள் பலவற்றில், ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில் நூறை ஒட்டியும், ஷொக் ஆழமாக அமுங்கும்போது அதிலிருந்து இறங்கியும் போகுமாறு வைக்கிறார்கள். ஆழமான அமுக்கத்தில் யாரும் மிதிப்பதில்லை. அங்கே செயினின் தலையீடு குறைவது நல்லது.

இறக்கத்தில் கல்லில் மோதும்போது பெடல் காலைப் பின்னுக்கு உதைக்கிறது. செயின் பழுதா?

பழுதல்ல. பின்சில்லு மேலே எழும்போது அதன் அச்சுக்கும் கிராங்குக்கும் இடையிலான தூரம் கூடினால், மேல்பக்கச் செயினுக்கு நீளம் போதாமல் போகிறது. அந்தக் குறையை ஈடுகட்டக் கிராங் பின்னோக்கித் திரும்புகிறது. ஷொக்கை நீட்டும் செயின் இழுவையும் இதே நீள மாற்றத்தால் வருவதுதான். ஆட்டத்தை அடக்கச் செயினை எவ்வளவு நம்புகிறோமோ அவ்வளவு உதை காலில் விழும்.

வேகமாக உருளும்போது உதை பெரும்பாலும் தெரியாது. சில்லு சுழலும் வேகத்தில் செயினுக்குத் தேவையான தளர்ச்சி ஃபிரீவீலிலேயே கிடைத்துவிடும். மெதுவாகப் போகும்போதும், பின் பிரேக்கை இறுக்கிச் சில்லு பூட்டிக்கொண்ட நிலையிலும்தான் காலில் அடிக்கும். கோட்டை வாசலுக்குப் பக்கத்தில் மான் குறுக்கே வந்து பிரேக் பிடிக்கும்போது உதைத்ததாக ஒருவர் சொன்னார். இதே காரணம்தான்.

ஒரு மூட்டு, நான்கு மூட்டு, வி.பி.பி., டி.டபிள்யூ. லிங்க்... இந்தப் பின்பக்க அமைப்புகளில் மிதிக்க எது நல்லது?

அதிகம் கேட்கப்படும் கேள்வியும் அதிகம் குழப்பப்படும் கேள்வியும் இதுதான். மூட்டுகளை எண்ணாதீர்கள். பின்சில்லின் அச்சு எந்தத் துண்டில் பூட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தத் துண்டு பிரேமுடன் நேராக ஒரே மூட்டில் சேர்ந்திருந்தால், மேலே எத்தனை இணைப்புக் கம்பிகள் இருந்தாலும் மிதிப்பைப் பொறுத்தவரை அது ஒற்றை மூட்டு வண்டிதான். அச்சு அந்த மூட்டைச் சுற்றி ஒரு வட்டத் துண்டாகவே அசையும். மேலே உள்ள கம்பிகள் ஷொக் எவ்வளவு அமுங்குகிறது என்பதை மட்டும் மாற்றும். டிரெக் நிறுவனத்தின் பைக்குகள் பலவற்றில் மூட்டு அச்சையே சுற்றி அமைந்திருக்கும். அந்த அமைப்பும் மிதிப்பில் ஒற்றை மூட்டுத்தான், அதன் சிறப்பு பிரேக் பிடிக்கும்போது தெரிவது.

செயினுக்குப் பக்கத்தில் கிடையாகப் போகும் கீழ்க் கம்பியில், அச்சுக்குச் சற்று முன்னால் ஒரு மூட்டு இருந்தால் அது ஹோர்ஸ்ட் லிங்க். ஹோர்ஸ்ட் லைட்னர் என்பவர் உருவாக்கியது. ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் அந்தக் காப்புரிமையை வைத்திருந்தது. 2013இல் அது காலாவதியான பின்னர் மற்ற நிறுவனங்களும் தாராளமாகப் பயன்படுத்தத் தொடங்கின. இதில் அச்சு இருக்கும் துண்டு பிரேமுடன் நேராகச் சேரவில்லை. ஆகவே அது எந்தப் புள்ளியைச் சுற்றி ஆடுகிறது என்பது ஷொக் அமுங்க அமுங்க மாறுகிறது. நான்காவது பதிலில் சொன்ன கற்பனைப் புள்ளி இதுதான்.

வி.பி.பி. (வேர்ச்சுவல் பிவட் பொயின்ட், அதாவது கற்பனை மூட்டுப் புள்ளி), டி.டபிள்யூ. லிங்க், ஜயன்ட் நிறுவனத்தின் மாயெஸ்ட்ரோ ஆகிய மூன்றிலும் பின்பக்கம் ஒரே கட்டான முக்கோணம். அது இரண்டு குட்டை இணைப்புகளால் பிரேமுடன் சேர்ந்திருக்கும். வி.பி.பி. அவுட்லாண்ட் நிறுவனத்திடமிருந்து சான்டா குரூஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. டி.டபிள்யூ. என்பது டேவ் வீகிள் என்ற வடிவமைப்பாளரின் பெயர் எழுத்துகள். பொதுவாக வி.பி.பி.யில் இரண்டு இணைப்புகளும் எதிரெதிர்த் திசையில் சுழலும், மற்ற இரண்டிலும் ஒரே திசையில். குட்டை இணைப்புகளால் கற்பனைப் புள்ளியை வடிவமைப்பாளர் விரும்பிய பாதையில் நகர்த்த முடிகிறது. அவற்றின் சிறப்பு அவ்வளவுதான். நல்ல இடத்தில் வைத்த ஒற்றை மூட்டு, கெட்ட இடத்தில் வைத்த குட்டை இணைப்பைவிட நன்றாக மிதிக்கும். பிரேமில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பி இருபதாயிரம் ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

முன் பல்லுச்சில்லை 32 பல்லிலிருந்து 28 ஆக்கினால் ஏற்றம் இலகுவாகும். ஷொக்குக்கு ஏதாவது ஆகுமா?

ஆகும். பல்லுச்சில்லு சிறுத்தால் செயினின் முன்முனை கீழே இறங்குகிறது. இழுவைக் கோடு மூட்டுக்குக் கீழே போகப் போக நீட்டும் விசை கூடும், அதாவது அன்டி ஸ்குவாட் ஏறும். கூடவே ஆறாவது பதிலில் சொன்ன உதையும் ஏறும். பெரிய பல்லுச்சில்லு போட்டால் எதிர்மாறு. இரண்டு பல் மாற்றத்தைப் பலர் உணரவே மாட்டார்கள், நான்கு என்றால் உணரலாம். நிறுவனம் எந்த அளவுடன் பைக்கை விற்றதோ அந்த அளவை மனதில் வைத்துத்தான் மூட்டின் இடம் தீர்மானிக்கப்பட்டிருக்கும்.

எழுந்து நின்று மிதித்தால் எந்தப் பைக்கும் ஆடுகிறதே?

ஆடும். நின்றால் உங்கள் முழு உடம்பும் ஒவ்வொரு மிதிக்கும் ஏறி இறங்குகிறது. அன்டி ஸ்குவாட் எதிர்ப்பது பாரம் பின்னால் சரிவதைத்தான். நேர் கீழே விழும் பாரத்தை அது தொடாது. உட்கார்ந்து, ஒரு கியர் இறக்கி, கால்களை உருண்டையாகச் சுற்றுங்கள். நின்றுதான் ஏற வேண்டுமென்றால் ஷொக்கை அசையாமல் இறுக்கும் லொக் லீவரைப் போடுங்கள்.

ஷொக்கில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும்?

உங்கள் எடைதான் தீர்மானிக்கும். வழக்கமான உடை, தண்ணீர்ப் போத்தல், பை எல்லாவற்றுடனும் மெதுவாக ஏறி உட்காருங்கள். ஷொக்கின் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தைச் சீல் வரை தள்ளிவிட்டு, துள்ளாமல் இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரம் தண்டின் முழு ஓட்டத்தில் 25 முதல் 30 சதவீதம் இருக்கட்டும். ஓட்டம் 50 மில்லிமீற்றர் என்றால் 12.5 முதல் 15 மில்லிமீற்றர். பெரும்பாலும் தார் வீதியில் ஓடுபவர் 20க்கு அருகே வைத்தாலும் தவறில்லை.

பெற்றோல் நிலையத்துக் காற்றுக் குழாய் இதற்கு ஆகாது. ஷொக்குக்கென்றே உள்ள சிறிய பம்ப் வேண்டும். அழுத்தம் கார் ரயரைவிடப் பல மடங்கு, அளவோ மிகச் சிறியது. சிறிது அடித்ததும் ஷொக்கைப் பல முறை மெதுவாக அமுக்கி விட்டு மறுபடி அளவு பாருங்கள். உள்ளே இரண்டு அறைகள் சமநிலைக்கு வர வேண்டும்.

‘வடிவமைப்பு சரியில்லை’ என்று என்னிடம் வந்த பைக்குகளில் பலவற்றின் குறை இந்தக் காற்றுத்தான். 40 சதவீதம் அமுங்கிக் கிடக்கும் ஷொக், வடிவமைப்பாளர் நூறு சதவீதம் வைத்த இடத்தைத் தாண்டிவிடுகிறது. ஏற்றத்தில் பாரம் இன்னும் பின்னே போகும், பெடல் கல்லில் இடிக்கும், முன்சில்லு மிதக்கும். பிறகு பாவம், டேவ் வீகிளுக்குத் திட்டு விழும்.

லொக் லீவரை எப்போதுமே போட்டு வைத்தால் என்ன?

சீனக்குடாவிலிருந்து கிண்ணியாப் பாலம் வரை காபெட் வீதியில் ஓடினால் தாராளமாகப் போடலாம். பலருக்கு அதனால் வேகம் கூடுவதைவிட மனத்திருப்திதான் கூடுகிறது. மூன்றாவது பதிலின் 2 வாற்றுக் கணக்கு நினைவிருக்கட்டும். கரடுமுரடில் கழற்றிவிடுங்கள். சில ஷொக்குகளில் லீவர் முழுமையாகப் பூட்டாது, ஒயில் போகும் வழியை இறுக்கும் அளவுதான். முழுமையாகப் பூட்டும் வகை ஷொக்கோடு பெரிய குழியில் விழுந்தால் அடி சீல்களுக்கும் பிரேமுக்கும் போகும்.

கிரவல் வீதியிலும் குளக்கட்டிலும் ஓடும்போது ஷொக் பலத்தைத் தின்கிறதா, மிச்சம் பிடிக்கிறதா?

மிச்சம் பிடிக்கிறது. ஷொக் இல்லாத வண்டியில் ஒவ்வொரு கல்லும் ஆளையும் வண்டியையும் சேர்த்து மேலே தூக்குகிறது. அந்தத் தூக்கலுக்கான பலம் முன்னோக்கிய வேகத்திலிருந்து கழிகிறது. ஷொக் உள்ள வண்டியில் சில்லு மட்டும் எழும்புகிறது. கந்தளாய்ப் பக்கம் தகரம்போல் வரி வரியாகிவிட்ட கிரவல் வீதிகளில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஷொக் இல்லாதவர் சீற்றிலிருந்து எழும்பி மிதிப்பதை நிறுத்தும் இடத்தில், மற்றவர் உட்கார்ந்தபடியே மிதித்துக்கொண்டு போவார்.

நிலாவெளி மணலில்?

ஷொக்கால் பயனில்லை. அகலமான ரயரும் குறைந்த காற்றழுத்தமும் வேண்டும்.

தம்பி, சமதரையான இந்த ஊருக்கு இது தேவைதானா?

வேலைக்கும் சந்தைக்கும் கடற்கரைக்கும் என்றால் தேவையில்லை, ஐயா. ஆனி, ஆடியில் கச்சான் காற்று எதிரே அடிக்கும்போது படும் பாட்டுக்கு எந்த ஷொக்கும் பொறுப்பல்ல, எந்த ஷொக்கும் மருந்துமல்ல. அந்தக் காசில் நல்ல ரயரும் முன் ஷொக் மட்டும் உள்ள இலகுவான பிரேமும் வாங்கலாம். மாத்தளை, நக்கிள்ஸ் பக்கம் அடிக்கடி போகிறவர், அல்லது காட்டு வழிகளில் மணிக்கணக்கில் ஓடி முதுகு நோகிறவர் என்றால் யோசிக்கலாம்.

கடையில் இரட்டை ஷொக் சைக்கிள் மலிவாகக் கிடைக்கிறது. பையனுக்கு வாங்கலாமா?

அந்த மலிவு வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது வெறும் சுருள் ஸ்பிரிங். உள்ளே ஒயில் தணிப்பு இல்லை. மிதித்தால் ஆடும், ஆடினால் நிற்காது. மூட்டில் பெயாரிங் இல்லாமல் பிளாஸ்டிக் புஷ் போட்டிருப்பார்கள். சில மாதங்களில் பின்பக்கம் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். முதல் கேள்வியின் ‘பாதிப் பலம் போகிறது’ என்ற பேச்சு இன்றும் உயிரோடிருப்பது இவற்றின் தயவில்தான். பையனுக்கு ஷொக் இல்லாத ஒரு நல்ல சைக்கிள் போதும்.

கடலோரத்தில் வைத்திருப்பதால் மூட்டுகள் கெடுமா?

கெடும். உப்பும் நுண்மணலும் பெயாரிங்குகளுக்குள் போனால் மூட்டு இறுகிவிடும். இறுகிய மூட்டு ஆட்டத்தைக் குறைத்துக் காட்டும். ‘இப்போது நன்றாக மிதிக்கிறது’ என்று மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் சிறு கற்களுக்கு அசைய வேண்டிய சில்லு அசையவில்லை.

சோதிப்பது இலகு. ஷொக்கைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்தைக் கையால் தூக்கி விடுங்கள். தன் பாரத்திலேயே வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். கரகரத்தாலோ, நடுவில் நின்றாலோ பெயாரிங் மாற்றும் காலம் வந்துவிட்டது. கடற்கரையில் ஓடிய நாளில் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். கார் கழுவும் இயந்திரத்தின் பீச்சலை மூட்டுக்கு நேரே பிடித்தால் உப்பை நீங்களே உள்ளே செலுத்துகிறீர்கள்.

மூட்டை மிக உயரத்தில் வைத்து, செயினை ஒரு சிறு சில்லின் மேலால் கொண்டுபோகும் பைக்குகள் வருகின்றனவே?

மூட்டு உயர்ந்தால் பின்சில்லு கல்லில் மோதும்போது மேலே மட்டுமன்றிப் பின்னேயும் விலகும், தடையை இலகுவாக விழுங்கும். ஆனால் அச்சு பின்னே போனால் செயின் நீளம் மிக அதிகமாக இழுபடும். அதனால்தான் செயினை மூட்டுக்கு அருகே ஒரு சிறு சில்லின் மேலால் விடுகிறார்கள். உதை பெரும்பாலும் மறைந்துவிடும். அன்டி ஸ்குவாட்டும் அந்தச் சில்லின் இடத்தைப் பொறுத்ததாகிவிடும். அதற்குக் கொடுக்கும் விலை, பலம் தாங்கும் செயின் பக்கத்தில் வரும் கூடுதல் உராய்வு. செயின் சுத்தமாக இருந்தால் அது சிறியது. நம் ஊர் மணலுடன் ஓடினால் சத்தமாகவே கேட்கும்.

எனது பைக்குக்கு 105 சதவீதம் என்று இணையத்தில் வரைபடம் இருக்கிறது. காற்றும் சரி, மூட்டும் சரி. ஆனாலும் ஆடுகிறதே?

அந்த 105 யாருக்காகக் கணக்கிடப்பட்டது என்று பாருங்கள். ஈர்ப்பு மையத்தின் உயரத்தை ஒரு ஊகமாக வைத்துத்தான் சதவீதம் வருகிறது. நீங்கள் உயரமானவர், சீற்றையும் ஏற்றி வைத்திருப்பவர் என்றால் உங்கள் மையம் அதைவிட மேலே. அதே பைக்கில் உங்களுக்கு 90 வரலாம், குள்ளமான உங்கள் நண்பருக்கு 115 வரலாம். இரண்டும் சரியான கணக்குகளே.

வரைபடம் ஒரே ஒரு கியருக்கு உரியதாகவும் இருக்கும். பின்னால் செயின் எந்தப் பல்லுச்சில்லில் நிற்கிறது என்பதைப் பொறுத்து இழுவைக் கோட்டின் சரிவு மாறுகிறது. ஏற்றத்தில் நீங்கள் உண்மையில் போடும் கியரின் கோட்டை வரைபடத்தில் தேடுங்கள். அது இல்லாவிட்டால் நான்காவது பதிலில் சொன்னபடி, அந்தக் கியரில் செயினை வைத்து, நீங்கள் சீற்றில் உட்கார்ந்திருக்கும்போது இன்னொருவரைக் கொண்டு படமெடுத்து நீங்களே வரையலாம். அதன் பிறகும் ஆட்டம் மிஞ்சினால், இரண்டாவது பதிலின் மூன்றாவது காரணத்தைப் பாருங்கள். சீற்றின் உயரத்தைச் சில மில்லிமீற்றர் குறைத்தால் இடுப்பு ஆடுவது நிற்கிறதா என்று ஒரு நாள் ஓடிப் பார்க்கலாம்.